மறுபடியும் வாங்க

எழுபதுகளில் ஒகேனக்கல்லில் ஒரு தங்கும் விடுதியில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். எழுத்துப் பரீட்சை கிடையாது. ஒரு வேலையைச் சரியாகச் செய்து காட்டினால்தான் அடுத்ததைக் கற்றுத் தருவார்கள். படுக்கை விரிப்பதும் பரிமாறுவதும் எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டன. வழியனுப்புவதில்தான் திணறினேன். வாசல்வரை போய், முகம் பார்த்துச் சிரித்து, "மறுபடியும் அவசியம் வாங்க" என்று சொல்ல வேண்டும். எனக்கோ கூச்சம்.

ஒருநாள் சேலத்துக் குடும்பம் ஒன்று கிளம்பியது. எட்டாவது படிக்கும் அவர்கள் மகள் முகம் வாடியிருந்தது. ஆற்றில் வெள்ளம் என்று பரிசல் விடவில்லை.

"தண்ணி வடிஞ்சதும் மறுபடியும் வா கண்ணு. அக்காவே உன்னைப் பரிசல்ல ஏத்தி வுடறேன்" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். அன்றைக்குத் தேறினேன்.

மறுவருடம் அவளுடைய அப்பாவும் அம்மாவும் மட்டும் வந்தார்கள். வாசலுக்கு வெளியிலேயே நின்றார்கள்.

"உள்ள வாங்க. பாப்பா வரலீங்களா?" என்றேன்.

அந்த அம்மா கையில் துணி மூடிய சிறு கலயம் இருந்தது.

"அஸ்தியோட உள்ள வரக் கூடாதும்மா. காச்சல்ல போயிட்டா. 'அக்கா கூப்புட்டாங்க, போலாம்மா'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. அதான் இங்கயே கரைக்கலாம்னு கூட்டிக்கிட்டு வந்தோம்."

நானே அவர்களுடன் பரிசல் துறைக்குப் போனேன். கலயத்தை வாங்கி வைத்துக்கொண்டு இருவரையும் ஏற்றினேன். பிறகு அவளையும் ஏற்றிவிட்டேன்.

அந்த வேலையில் பல வருடம் இருந்தேன். வந்தவர்களுக்கெல்லாம் அந்த வார்த்தையைச் சொன்னேன். பிள்ளைகளிடம் மட்டும் சொன்னதில்லை.