செல்லை விட்டுவிட்டு வர முடியாது

கல்லீரலில் தழும்பு படர்வதை நிறுத்தும் மருந்தைத் தேடுவது என் தொழில். அதில் நாள் முழுவதும் யாரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்காது. முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியேறாமல் என்னைப்போல் அவதிப்படுவோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எந்த டாக்டர்?

தஞ்சாவூரில் நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழே வீட்டுக்காரர் ரஹ்மான் அண்ணனும் அவர் மனைவி ஜமீலா அக்காவும் இருக்கிறார்கள். துபாயிலிருந்து திரும்பிய அண்ணனுக்குக் கல்லீரல் தழும்பேறிக் கெட்டிப்பட்டு வருகிறது. என் பெயருக்கு முன்னால் டாக்டர் என்றிருப்பதைப் பார்த்த அக்கா, ஒருநாள் அவருக்கு மாத்திரை எழுதித் தரச் சொன்னார். நான் நோயாளிகளைப் பார்ப்பவள் அல்ல, தட்டுகளில் வளரும் செல்களில் மருந்துகளைச் சோதிப்பவள். அவற்றில் ஒன்று தேறினாலும் மனிதருக்கு வந்துசேரப் பல ஆண்டுகள் ஆகும் என்று விளக்கினேன். முழுவதையும் கேட்டுவிட்டு அக்கா சொன்னார்:

“அப்ப டாக்டருக்கும் மேல படிச்சிருக்கீங்க, மாத்திரை மட்டும் எழுதத் தெரியாதுங்கிறீங்க.”

பொங்கலன்று

ஒரே ஒரு மருந்து நம்பிக்கை தந்தது. தழும்பை உண்டாக்கும் செல்கள் அதற்கு அடங்கின. அதை உறுதிசெய்யும் சோதனை பொங்கலன்று அமைந்துவிட்டது. உரிய நேரத்தில் ஊட்டநீரை மாற்றாவிட்டால் செல்கள் செத்துவிடும். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கட்டடத்தில் என்னையும் காவலாளியையும் தவிர யாருமில்லை. திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தம்பி மனைவி அழைத்தாள். இலை போட்டுக் காத்திருக்கிறார்களாம். செல்லை விட்டுவிட்டு வர முடியாது என்றேன்.

“அதை ஏன் அண்ணி விட்டுட்டு வரணும்? கையோட கொண்டாங்க, இங்கயும் சார்ஜர் இருக்கு.”

முடிவு தெரிந்த நாள்

அந்த மருந்து தேறவில்லை. தழும்புச் செல்களை அடக்கியதோடு, நல்ல கல்லீரல் செல்களையும் அது கொன்றது. எங்கள் ஆய்வுக்கூடத்துப் பேராசிரியர் தொலைபேசியில், அடுத்ததை இந்த வாரமே தொடங்கச் சொன்னார், மேலிடத்தில் நெருக்குகிறார்களாம்.

வீடு திரும்பியபோது ரஹ்மான் அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கைலிக்கு மேல் வயிறு உப்பித் தெரிந்தது. மருந்துச் சோதனை என்ன ஆயிற்று என்று கேட்டார். கெட்டதோடு நல்லதையும் அழித்துவிடுகிறது என்றேன். அண்ணன் என்னைத் தேற்றுகிற குரலில் சொன்னார்:

“அதனால என்னம்மா, எனக்கொண்ணும் அவசரமில்ல. நீங்க நிதானமாப் பாருங்க.”

மொத்தத்தில், இந்தத் தொழிலில் அவசரப்பட உரிமையுள்ள ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் எங்களை அவசரப்படுத்துகிறார்கள்.