மொட்டைத் தலைக்காரியின் டம்ளரில் ஒரு முடி

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பூங்கோதை இன்றும் விருத்தாசலத்தில்தான் இருக்கிறாள். எப்போது பார்த்தாலும் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பாள். குடிக்கும் முன் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பாள். ஏன் என்று கேட்டால் அப்புறம் உங்களுக்குச் சோறு இறங்காது.

அவள் வேலை பார்ப்பது ஒரு சின்ன செராமிக் கம்பெனி. பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் செய்து ஓய்ந்துபோன இடம். முதலாளி பாலகிருஷ்ணன் கடைசி நம்பிக்கையாகத் தண்ணீர் வடிகட்டும் குழாயில் இறங்கினார். களிமண்ணில் உமித்தூளைக் கலந்து, குழாயாக்கிச் சூளையில் வைத்தால் உமி எரிந்துபோகும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் மிஞ்சும். உள்ளே சாக்கடையை பம்பு வைத்து அழுத்தினால் சுவர் வழியாக நல்ல தண்ணீர் மட்டும் கசியும். அழுக்கு உள்ளேயே நின்றுவிடும்.

அன்றைக்கு வெளியூரிலிருந்து அதிகாரிகள் பார்க்க வந்திருந்தார்கள். ஆர்டர் கிடைத்தால் கம்பெனி பிழைக்கும். இல்லையென்றால் பூட்டுதான், பூங்கோதை வீட்டு அடுப்பும் அதோடு அணைந்துவிடும். இந்த வியாபாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. வடித்த தண்ணீரைச் செய்தவர்களே முதலில் குடித்துக் காட்ட வேண்டும். குழாயைச் செய்தவள் பூங்கோதை, அதனால் குடிக்க வேண்டியவள் அவள்தான்.

உச்சி வெயில். தொட்டியில் ஊர்ச் சாக்கடை கருப்பாக நுரைத்து நின்றது. மேலே எண்ணெய்ப் படலம், ஊறிய சோற்றுப் பருக்கை, உப்பிப்போன எலி ஒன்று. த்தூ! வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

மண் கலக்குகிற கலியமூர்த்தி பம்பைப் போட்டார். கர்ர்ர்...

குழாய் நனைந்ததும் ஒரு நாற்றம். சாக்கடை நாற்றம் இல்லை. முடி கருகுகிற நாற்றம்.

“என்னாண்ணே, ஏதோ கருகுது?”

“மோட்டாரா இருக்கும்மா.” கலியமூர்த்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டம்ளர் நிறைந்தது. பளிச்சென்று இருந்தது தண்ணீர். உள்ளே ஒரு முடி.

நீளமான முடி. சுருண்டு கிடந்தது... மெதுவாக அவிழ்ந்தது.

“ஒன் தலமுடிதாம்மா வுழுந்திருக்கும். குடிச்சிடு,” என்று கிசுகிசுத்தார் முதலாளி.

அவசரத்தில் மறந்துவிட்டார். பூங்கோதை போன வாரம்தான் கொளஞ்சியப்பர் கோயிலில் மொட்டை போட்டிருந்தாள். மற்றவர்கள் எல்லாரும் ஒட்ட வெட்டிய ஆண்கள்.

விரலை விட்டு எடுத்துப் போட்டாள். இன்னொன்று கிடந்தது. எடுத்தாள். இன்னொன்று...

எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

தொண்டையில் வழவழவென்று ஏதோ இறங்கியது.

இறங்கிக்கொண்டே இருந்தது...

விழுங்கினாள். சிரித்தாள்.

கை தட்டினார்கள். ஆர்டர் கிடைத்தது.

வண்டி கிளம்பியதும் சாக்கடை ஓரம் ஓடினாள். ஓவ்... விரலை விட்டு இழுத்தாள். கை நீளத்துக்கு வந்தது முடி. எச்சிலும் பித்தமுமாக. நுனியில் நசுங்கிய கனகாம்பரப் பூ ஒன்று.

அதைப் பார்த்ததும் கலியமூர்த்தி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“உமித்தூளு தீந்துபோச்சும்மா. எரியிறது எதுவா இருந்தா என்னா, ஓட்ட வுழுந்தா சரின்னு... தெருவுல முடி வாங்க வரான்ல, அவன்கிட்ட ஒரு சடைய வாங்கி அரச்சு மண்ணுல போட்டுட்டேன். சூளையில எரிஞ்சு சாம்பலாயிடுச்சும்மா. சத்தியமா எரிஞ்சுபோச்சு!”

“யாரு சடை அது?”

அவருக்குத் தெரியவில்லை. பல நாள் அலைந்து அந்த முடிக்காரனைப் பிடித்து விசாரித்துவிட்டு வந்தார்.

“செத்துப்போன பொம்பளையோடது. அவ புருசனே அறுத்து வித்திருக்கான், பாவி. ரூமுல போட்டுப் பூட்டி வச்சிருந்தானாம். சாவுற வரைக்கும் தண்ணி தண்ணின்னு கத்திக்கிட்டே இருந்தாளாம். ஒரு வாயி குடுக்கலையாம்.”

பூங்கோதை கையில் இருந்த சொம்பைக் காலி செய்துவிட்டு, மறுபடியும் நிரப்பக் குழாயடிக்குப் போனாள். அந்தத் தண்ணீரைக் குடித்த நாளிலிருந்து அவளுக்குத் தாகம் அடங்கவே இல்லை.