அருமைநாயகி ஆச்சியின் நேர்த்தி

ஒக்டோபர் மாதம் பிறந்தால் யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில், கடலுக்குப் போகும் ஒழுங்கை ஒன்றின் பிள்ளைகளுக்கு முழங்கால் நோகத் தொடங்கிவிடும். காரணம் அருமைநாயகி ஆச்சி.

அந்த மாதம் முழுவதும் மாதா சொரூபம் நாளுக்கு ஒரு வீடாகப் போகும். பொழுதுபடச் சனம் அந்த வீட்டில் கூடிச் செபமாலை சொல்லும். முன்னுக்கு முழந்தாளிட்டுச் சொல்லிக்கொடுப்பது ஆச்சி. செபமாலை முடிந்ததும் எல்லாரும் எழும்பப் பார்ப்பார்கள். ஆச்சிக்கு அதற்குப் பிறகுதான் வேலை. கடலுக்குப் போனவர்களுக்கு ஒரு செபம், வெளிநாடு போய்க் கடிதம் போடாதவர்களுக்கு ஒன்று, மண்ணெண்ணெய் வரிசையில் மயங்கி விழுந்த மனுசிக்கு ஒன்று. தன் கோழியைக் களவெடுத்தவனுக்கும் ஒன்று உண்டு. அவனுக்கு வயிறு நிறைந்திருக்க வேண்டுமாம்.

ஒரு வருடம் யாரோ ஒரு குறும்பன் ஆச்சியின் செபமாலையில் பத்துக்கு இரண்டு மணியாகக் கழற்றிவிட்டு, திரும்பக் கோத்து வைத்துவிட்டான். கெதியாக முடியும் என்று பின்வரிசை காத்திருந்தது. எட்டாவது மணியில் ஆச்சியின் பெருவிரல் ஒருகணம் நின்றது. பிறகு வெறும் நூலைத் தடவியே பத்தாக்கினார். கடைசியில் மணி கழற்றியவனுக்கென்று இன்னும் ஒரு பத்து. அவனும் முழந்தாளில் நின்று அதைச் சொல்லித் தொலைக்க வேண்டியிருந்தது.

ஆச்சி பதினேழு வயதில் சந்தியோகுவைக் கலியாணம் முடித்தவர். ஒருநாள் விடிய வள்ளம் வந்தது, சந்தியோகு வரவில்லை. அதற்குப் பிறகு தலையில் ஓலைக் கடகத்தோடு அரியாலை வரை நடந்து மீன் விற்று நான்கு பிள்ளைகளை ஆளாக்கினார். கடகத்தில் பால்சுறா இருந்தால் அது, தாய்க்குப் பால் ஊறவென்று, பிள்ளைப்பெற்ற வீட்டுக்குத்தான். எந்தப் பெரிய மனுசர் கேட்டாலும் கிடைக்காது. பிள்ளைப்பெற்ற வீடு எது என்று மருத்துவிச்சிக்கு முதல் ஆச்சிக்குத் தெரியும்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் மூத்தவன் கனிசியஸ் கொழும்பில் கடையொன்றில் வேலைக்கு நின்றான். பன்னிரண்டு நாள் ஒரு தகவலும் இல்லை. பதின்மூன்றாம் நாள் காங்கேசன்துறையில் கப்பலால் இறங்கி, யாரோ கொடுத்த சாரத்தை உடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றான். அந்தப் பன்னிரண்டு நாளில் ஆச்சி ஒரு நேர்த்தி வைத்திருந்தார். பிள்ளை உயிரோடு வந்தால், தான் சாகும்வரை ஒக்டோபரில் ஒருநாளும் தவறாமல் சொரூபத்தின் முன் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லிக்கொடுப்பதென்று.

கனிசியஸ் பிறகு ஜேர்மனிக்குப் போய்விட்டான். நேர்த்தி ஆச்சியோடு இருந்தது. ஷெல் விழுந்த வருடங்களில் பங்கருக்குள் முதலில் மாதா இறங்கினார், பிறகுதான் சனம். ஆச்சியின் முழங்கால்கள் இரண்டும் வீங்கி விளாங்காய் மாதிரி ஆயின. கலியாணம் முடிக்காமல் தாயோடு இருந்த மகள் அற்புதராணி இரவில் எண்ணெய் தடவுவாள். கதிரையில் இருந்து சொன்னால் என்ன என்று அவள் கேட்டதற்கு, கதிரைக்கு நேர்த்தி வைக்கவில்லை என்று ஆச்சி சொல்லிவிட்டார்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஒக்டோபர் முப்பதாம் திகதி பின்னேரம், ஆமி வருகிறதென்று எல்லாரும் ஊரைவிட்டு வெளிக்கிடச் சொல்லி ஒலிபெருக்கி கத்திக்கொண்டு போனது. அன்றைக்குச் சொரூபம் ஆச்சி வீட்டில். சீமெந்தில் வார்த்த சொரூபம். தூக்க இரண்டு ஆம்பிளைகள் வேண்டும். விடிய, பக்கத்துவீட்டுச் செல்வரட்ணம் தன் குடும்பத்தோடு போகுமுன் தம்பியோடு வந்து அதை அற்புதராணியின் சைக்கிளின் பின் கரியலில் ஏற்றி, கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டான். ஹாண்டிலில் அரிசியும் உடுப்பும் தொங்கின. ஆச்சி நடப்பதென்று முடிவாயிற்று. அந்த முழங்கால்களோடு எவ்வளவு தூரம் என்று அற்புதராணி கேட்கவில்லை. அவளுக்கும் களைப்பு.

ஒழுங்கை முடிவில் பொன்னம்பலத்தார் தன் வீட்டுப் படலைக்குள் கதிரை போட்டு இருந்தார். பாரிசவாதத்தில் ஒருபக்கம் விழுந்த மனுசன். பிள்ளைகள் இரண்டும் கனடாவில். உங்கள் மாதாவுக்குக் காது கேளாதோ, ஏன் இப்படிக் கத்துகிறீர்கள் என்று வருடாவருடம் சண்டைக்கு வருகிறவர். பார்க்க வந்து போகிற பெடியன் நேற்றே போய்விட்டானாம்.

ஆச்சி நின்றார்.

"என்னைப் பாக்காதையுங்கோ தங்கச்சி," என்றார் பொன்னம்பலத்தார். "உங்கடை ஆளை ஏத்தியாச்சு. நடவுங்கோ, மழை வருது."

அற்புதராணி தாயைப் பார்க்காமல் சைக்கிளை உருட்டினாள். நாலடி போனதும் பின்னால் காலடிச் சத்தம் இல்லை. திரும்பினாள். ஆச்சி நின்ற இடத்திலேயே சொரூபத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மாதத்தில் அந்த ஒரு நாள்தான் மிச்சம். பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாள் தவறவில்லை.

"அற்புதம், கயித்தை அவிழ்."

"அம்மா, நேர்த்தியெல்லோ?"

"தெரியும். அவிழ்."

இரண்டு பேருமாகச் சொரூபத்தைச் சாய்த்து இறக்கி, உரப்பையில் வைத்து இழுத்தார்கள். எங்கே விடுவதென்று தெரியவில்லை. பொன்னம்பலத்தார்தான் நல்ல கையால் தன் சாமியறையைக் காட்டினார்.

"உள்ளை பிள்ளையார் தனிய இருக்கிறார். ஆளுக்காள் துணை."

ஆச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு சொரூபத்தை நிமிர்த்தி வைத்தார்.

"நீங்கள் நிண்டு பழகினனீங்கள், தாயே," என்றார். "அந்தாளாலை நிக்கேலாது."

பொன்னம்பலத்தாரைக் கரியலில் இருத்திக்கொண்டு நாவற்குழிப் பாலம் தாண்டவே மத்தியானம் கடந்துவிட்டது. மழை விடவில்லை. சனநெரிசலில் ஒரு அடி வைக்க முன்னால் நிற்கிறவர் அடி எடுக்க வேண்டும். அற்புதராணி ஹாண்டிலைப் பிடிக்க, கரியலில் இருந்தவர் சரியாமல் ஆச்சி முதுகால் முட்டுக்கொடுத்து நடந்தார். பொன்னம்பலத்தார் குடைக்கம்பி போல விறைத்து இருந்துகொண்டு, சைக்கிளுக்குக் காற்றுப் போதாது என்று குறை சொல்லிக்கொண்டு வந்தார். 

பொழுதுபடும் நேரம் சாவகச்சேரிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். வகுப்பறை ஒன்றில் சுவரோரம் இடம் கிடைத்தது. பொன்னம்பலத்தாரைச் சாய்த்து இருத்தி, ஈரச் சட்டையைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் ஆச்சி கீழே இருந்தார்.

அந்த அறையில் குருநகர்ச் சனமும் இருந்தது. யாரோ மேசையில் சுவாமிப்படம் ஒன்றை நிறுத்தி மெழுகுதிரித் துண்டு ஏற்றினார்கள். ஒரு பெண் வந்து, செபமாலை சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், ஆச்சி சொல்லுவா என்று சொல்கிறார்கள் என்றாள்.

ஆச்சி எழும்பக் கையை ஊன்றினார். கை ஊன்றியபடியே நின்றது. முழங்கால் வரவில்லை.

"நீ சொல்லு பிள்ளை," என்றார். "நான் இண்டைக்குக் களைச்சுப்போனன்."

அந்தப் பெண் தொடங்கினாள். முதல் பத்து முடியுமுன் ஆச்சியின் தலை சுவரில் சாய்ந்துவிட்டது. வாய் சற்றே திறந்து, குறட்டையும் வந்தது. முன்னுக்கு இருந்த இரண்டு சிறுமிகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எழுப்பினால் நல்லதோ என்று ஒருத்தி அற்புதராணியிடம் சாடையாகக் கேட்டாள்.

அற்புதராணி இல்லை என்று தலையாட்டினாள். தாயின் கால்கள் இரண்டையும் மெல்லப் பிடித்து நேராக நீட்டிவிட்டாள். உடுப்பு மூட்டைக்குள் நனையாமல் கிடந்த சேலை ஒன்றைத் தேடி எடுத்து அந்த முழங்கால்களின் மேல் போர்த்தாள். பிறகு தாய்க்குப் பதிலாக அவள் முழந்தாளிட்டாள்.