முன் அனுமதி தேடிக் கெடார் போன நாள்

காலை ஆறரை மணி. ஆடிக் காற்று திண்டிவனம் பஸ் நிலையத்துப் புழுதியை எல்லாம் வாரி என் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது. மடியில் ஒரு காக்கிக் கவர். அதற்குள் நானே எழுதி நானே தட்டச்சு செய்த ஆராய்ச்சித் திட்டம். வேர்க்கடலையை, இந்தப் பக்கத்தில் அதற்குப் பெயர் மல்லாட்டை, இலையே இல்லாமல் மொட்டையடிக்கும் கம்பளிப் புழுவை மூன்று வருஷம் விடாமல் துரத்தி ஆராய்வது என்பது அதன் சாரம். அதற்கு டெல்லியிடம் பெரிய தொகை கேட்கிறோம். எங்கள் விவசாய இலாகாவில் பெரிய தொகை கேட்டு எந்த விண்ணப்பமும் வெளியே போவதற்கு முன், "கேட்கலாம்" என்று மேலதிகாரி எழுதித் தர வேண்டும். பணம் வருமா வராதா என்பதெல்லாம் அப்புறம். கேட்பதற்கே முதலில் அனுமதி!

அந்த அதிகாரி விழுப்புரத்தில் முகாம் போட்டிருந்தார். நாளை கிளம்பினால் இந்தப் பக்கம் இப்போதைக்குத் திரும்ப மாட்டார். விண்ணப்பமோ இன்றைய தபாலில் சேர்ந்தாக வேண்டும். என் வேலை தற்காலிக வேலை, பங்குனியோடு முடிகிறது. இந்தத் திட்டம் வந்தால் தொடரும். வராவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு கும்பகோணம் திரும்ப வேண்டியதுதான்.

இருபத்து மூன்று மைல், ஒரு ரூபாய்ச் சொச்சம் டிக்கெட். வழி நெடுகப் புளிய மரங்கள் சாலைக்குக் குடை பிடித்தன. ஜன்னலோரம் கிடைத்தும் ஒன்றையும் ரசிக்காமல், கவரைத் திறந்து திறந்து தொகையைக் கூட்டிப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஒன்பது மணிக்கு விழுப்புரம் பயணியர் விடுதி. அங்கே காவல்காரர்தான் இருந்தார்.

"ஐயா கெடார் பக்கம் மல்லாட்டைக் கொல்லை பாக்கப் போயிருக்காருங்க. ஜல்தியா போனீங்கன்னா புடிச்சிடலாம்."

ஜல்தியாகத்தான் போனேன், ஆனால் நான்கு இட்டிலி சாப்பிட்டுவிட்டு. பசியோடு அதிகாரிகளிடம் பேசக் கூடாது என்பது என் கொள்கை.

கெடார் மேற்கே பத்து மைல். பஸ்ஸை விட்டு இறங்கி வரப்பில் நடந்தேன். தூரத்தில் ஜீப் தெரிந்ததும், அடடா, கோயில் கோபுரத்தைக் கண்டதுபோல் கும்பிடத் தோன்றியது! அதிகாரி கொல்லை நடுவே நின்றிருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் கையை நீட்டி நீட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைக் கண்டதும் தப்பித்தோம் என்று கவரை வாங்கிக்கொண்டார். நின்றபடியே முழுவதையும் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. பணம் வந்துடுச்சுன்னே வெச்சுப்போம். யார் கொல்லையிலே செய்வீங்க?"

"இங்கே இருக்கிற விவசாயிகள் நிலத்திலே, சார்."

"அவங்களுக்குப் பேர் இருக்கா?"

அவர் கையிலிருந்த தாள்களை எட்டிப் பார்த்தேன். ஒரு பெயரும் இல்லை.

"பாடம் படிக்காத பொண்ணு மாதிரி நிக்காதீங்கம்மா" என்று அவர் சொல்லவில்லை. ஆனால் முகம் அப்படித்தான் இருந்தது. "பணத்தை வாங்கிட்டு, நிலம் கிடைக்கலேன்னு திருப்பி அனுப்பினா மானம் போறது இலாகாவுக்கு. முன் அனுமதி எதுக்குன்னு நினைச்சீங்க? என் கையெழுத்து அழகா இருக்கும்னா?"

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அதற்குள் அந்த இருவரும் விட்ட இடத்தில் தொடங்கிவிட்டார்கள். ஒருவர் கோவிந்தசாமி. மற்றவர் பக்கத்துக் கொல்லைக்காரர் ஏழுமலை, கோவிந்தசாமியின் மச்சினன். முதல் மழை பெய்ததும் கம்பளிப் புழுவின் தாய்ப்பூச்சிகள் மண்ணிலிருந்து கிளம்பும். அவை வந்து விழட்டும் என்று பொழுது சாய்ந்ததும் கொல்லையோரம் தீ மூட்டுவது இங்கே வழக்கம். சண்டை அந்தத் தீயைப் பற்றித்தான்.

"நான் நெருப்பு வெச்சா ஊரு பூச்சியெல்லாம் என் கொல்லைக்கு வருதுங்க. நெருப்புல விழாதது என் செடியில முட்டை வெக்குது. நான் ஏன் வெக்கணும்?" என்றார் கோவிந்தசாமி.

"நீ வெக்காம குந்திக்கினு இருந்தா எல்லாம் என் கொல்லையில ஏறுது!" என்று பாய்ந்தார் ஏழுமலை.

கூழ்ப் பானையோடு வந்த கோவிந்தசாமியின் மனைவி அஞ்சலை அலுத்துக்கொண்டாள். "ரெண்டு வருஷமா இதே பேஜாருங்க. ஒண்ணு புருசன், ஒண்ணு தம்பி. நான் யார் பக்கம் பேசறது?"

எனக்குள் ஏதோ துள்ளியது. "எண்ணிப் பார்த்துடலாமே!" என்று கத்தியே விட்டேன். "ஒரு கொல்லையிலே தீ, இன்னொண்ணுலே தீ இல்லை. ரெண்டிலேயும் புழுவை எண்ணுவோம். அடுத்த வருஷம் மாத்திப்போம். என் திட்டமே அதுதான்! ஆனா தீ இல்லாத கொல்லையிலே புழுவைக் கையாலேயும் பொறுக்கக் கூடாது."

அஞ்சலைதான் கேட்டாள். "பொறுக்கவும் கூடாதா? அப்ப நாங்க இன்னாத்தத் தின்றது?"

பூச்சியை இழுக்கும் விளக்குக்கு, மண்ணெண்ணெய்க்கு, எங்கள் பயணப் படிக்கு எல்லாம் திட்டத்தில் பணம் கேட்டிருந்தேன். விளைச்சல் போகிறவர்களுக்கு என்று ஒரு வரிகூட இல்லை. வெட்கமாகப் போய்விட்டது.

"நஷ்ட ஈடுன்னு ஒரு வரி சேர்த்து எழுதுங்க" என்றார் அதிகாரி.

"தொகை இன்னும் பெருசாகுமே, சார்."

"பெரிய தொகைக்குத்தானே அனுமதி கேட்டு வந்தீங்க?"

நஷ்ட ஈடு என்றதும் கோவிந்தசாமி தலையாட்டினார். "அப்ப மொத வருஷம் நெருப்பு அவன் வெக்கட்டும்." "ஏன், நீ வையேன்!" என்று ஏழுமலை கிளம்ப, அஞ்சலை அகப்பையை ஓங்கினாள். "மொத வருஷம் தம்பி. அடுத்த வருஷம் நீ. ரெண்டு பேரும் வாயை மூடுங்க!" இலாகாவில் இவ்வளவு சீக்கிரம் எந்த முடிவும் எடுத்து நான் பார்த்ததில்லை.

நஷ்ட ஈட்டு வரியையும் இருவர் பெயரையும் நான் எழுதி முடித்ததும், ஜீப்பின் முன்பக்கத்தில் தாள்களை வைத்து அதிகாரி கையெழுத்துப் போட்டார். உண்மையிலேயே அழகான கையெழுத்து. கேப்பைக் கூழும் பச்சை மிளகாயும் அமிர்தமாக இறங்கின. அதிகாரியோடு நான் ஜீப்பில் ஏறும்போது அஞ்சலை கேட்டாள். "அடுத்த வருஷம் மொத மழைக்கு வந்துடுவீங்கல்ல?"

"வந்துடுவேன்" என்றேன்.

"பணம் வராட்டி?" என்றார் அதிகாரி, வண்டி நகர்ந்ததும்.

"லீவு போட்டுட்டு வருவேன், சார்."

"வேலையே இல்லாட்டி லீவு ஏது?"

"அப்போ லீவுகூட வேண்டாமே, சார்!"

விழுப்புரம் வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜங்ஷன் தபால் பிரிவில் கவரைச் சேர்த்துவிட்டுத் திண்டிவனம் பஸ் ஏறினேன். இப்போதுதான் சாலை கண்ணில் பட்டது. எவ்வளவு பனை, எவ்வளவு ஏரி! சந்தோஷத்தில் பக்கத்து சீட்டு அம்மாளுக்குக்கூட மல்லாட்டை வாங்கிக் கொடுத்தேன்.

கும்பகோணத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதெல்லாம், "அடுத்து எப்போ வருவே?" என்று யாராவது கேட்பார்கள். நான் அப்பா முகத்தைப் பார்ப்பேன்; அவர்தான் பதில் சொல்வார். இன்று கெடாரில் ஒருத்தி கேட்டாள். அதிகாரி பக்கத்திலேயே இருந்தும் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. முன் அனுமதி யாரிடமும் வாங்காமல், வருகிறேன் என்று நானே சொல்லிவிட்டேன்.