குழியை மூட மாட்டேன்

தொழிற்பேட்டை எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். வேறு வேலைக்கு அலைந்துகொண்டிருந்தபோதுதான், பட்டாபிராமில் எங்கள் குடிசைகளுக்குப் பின்னால் இருந்த நிலத்தில் குழி தோண்ட ஆள் கேட்டு வந்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம். அங்கே அடுக்குமாடி வீடுகள் வரப்போகின்றன, அதற்கு முன் பூமிக்கடியில் பழைய பொருள் ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். வீடுகள் வந்தால் எங்கள் பதினோரு குடிசைகளும் போகும் என்று தெரியும். பின்னால் போகவும் போயின. குடிசைக்காரியே போய்க் கூலிக்குத் தோண்டினாளா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அடுப்பு எரிய வேண்டுமே.

தொல்லியல் அதிகாரி நல்ல மனிதர்தான். எல்லாம் தெரிந்தவர், அதுதான் அவர் பிரச்சினை. முளை அடித்து, கயிறு கட்டி, சதுரம் சதுரமாகச் சோதனைக் குழி போடச் சொன்னார். முதல் நாள் அவர் “ஓடு, ஓடு” என்று கத்தியதும் பாம்பு என்று நினைத்து நாங்கள் நாலு பெண்களும் ரோடு வரைக்கும் ஓடிவிட்டோம். பானை ஓட்டைச் சொன்னாராம். அதுவும் யார் வீட்டிலோ போன பொங்கலுக்கு உடைந்த பானை.

கடைசிக் குழியில் மூன்றடி போனதும் மஞ்சள் மண் வந்தது. கன்னி மண் வந்துவிட்டது, மூடிவிடுங்கள் என்றார். மனிதர் கை படாத மண்ணுக்கு அவர்கள் வைத்த பெயர் அது. அதற்குக் கீழே தோண்ட வேண்டாமாம். மேட்டில் உட்கார்ந்து படிவத்தில் எழுதத் தொடங்கினார். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். இந்த இடத்தில் எந்தக் காலத்திலும் மனிதர் வாழ்ந்த தடயம் இல்லை என்று எழுதுகிறாராம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் விரித்து வைத்திருந்த வீட்டுத் திட்டத்தின் வரைபடத்திலும் எங்கள் குடிசைகள் இருந்த இடம் வெறும் வெள்ளையாகத்தான் கிடந்தது. இப்போது நான் தோண்டிய குழியையே அதற்குச் சாட்சியாக்கப் பார்க்கிறார்கள்.

கல்யாணத்துக்கு முன்பு நான் செங்கல் சூளைக்கு மண் வெட்டியவள். கடப்பாரையை எடுத்துக் குழியின் நான்கு மூலையிலும் போட்டுப் பார்த்தேன். மூன்று மூலையில் நங்கென்று நின்றது. நான்காவதில் பொதுக்கென்று இறங்கியது.

“இது கன்னி மண்ணு இல்ல சார். யாரோ தோண்டி மூடிக்கிறாங்க.”

எலி வளையாக இருக்கும், மூடு என்றார். மேஸ்திரியும் அதட்டினார். மூட மாட்டேன், வேண்டுமானால் என்னையும் சேர்த்து மூடுங்கள் என்று குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். மற்ற மூன்று பெண்களும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு நிதானமாக வெற்றிலை போட்டார்கள். வேறு வழியில்லாமல், சரி, இன்னும் ஓரடி என்றார்.

ஓரடி தேவைப்படவில்லை. கனத்த சிவப்புத் தாழி ஒன்றின் வாய் தெரிந்தது. அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, பிரஷ்ஷால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். உள்ளே எலும்புத் துண்டுகள். எத்தனையோ தலைமுறைக்கு முந்தையது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். என் பக்கம் திரும்பவில்லை. திரும்பாவிட்டால் போகட்டும்.

இரண்டு நாள் படம் எடுத்தார்கள், அளந்தார்கள், தாழியை ஜீப்பில் ஏற்றி அனுப்பினார்கள். மூன்றாம் நாள் குழியை மூடச் சொன்னார். முதலில் படிவத்தைக் காட்டுங்கள் என்றேன். பழைய வரியை அடித்துவிட்டு, ‘இங்கு முற்காலத்தில் மனிதர் வாழ்ந்துள்ளனர்’ என்று எழுதியிருந்தார்.

“இப்போ நாங்க கீறோமே சார், அத்த எங்க எழுதிக்கிறீங்க?”

அதற்குப் படிவத்தில் இடம் இல்லை என்றார். ஓரத்தில் எழுதுங்கள் என்றேன். மண்வெட்டியை அவர் காலடியில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். உச்சி வெயில். யாரும் குழிப்பக்கம் போகவில்லை. கடைசியில் அவர் பேனாவைத் திறந்து, பொடி எழுத்தில், ‘பதினோரு குடும்பங்கள் வாழ்கின்றன’ என்று ஓரத்தில் எழுதினார். அதை என் கண்ணால் படித்துப் பார்த்த பிறகுதான் குழியை மூடினேன்.