நமது நிருபர் என்று ஒருவர்

மூன்றாவது முறையும் என்னைத் திருப்பி அனுப்பியபோது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தமிழ்ப் பத்திரிகை ஒன்றின் வெளிநாட்டு நிருபராக நான் இந்த நாட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. இங்குள்ள அரசின் அங்கீகார அட்டை இருந்தால்தான் விசாவை நீட்டிப்பார்கள். மாதக் கடைசிக்குள் அது வராவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு திண்டுக்கல்லுக்குத் திரும்ப வேண்டியதுதான். மகள் வெளிநாட்டு நிருபர் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்த அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்பது தனிக் கவலை.

கேட்டது ஒன்றும் பெரிதில்லை. முன்பு திண்டுக்கல் அலுவலகத்தில் இருந்தபோது நான் எழுதி அச்சான பத்துச் செய்திகளை மொழிபெயர்ப்போடு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அரசு அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் கொடுத்தேன். பல தலைமுறைக்கு முன்பே இங்கு வந்துவிட்ட குடும்பத்துப் பிள்ளை அவர். தமிழ் பேசுவார், எழுத்துக் கூட்டிப் படிப்பார், ஆனால் தமிழ்ப் பத்திரிகையைக் கண்ணால் பார்த்ததில்லை. ஒவ்வொரு செய்தியின் தலையிலும் இருந்த ‘நமது நிருபர்’ என்பதை ஓர் ஆளின் பெயர் என்று எடுத்துக்கொண்டு அப்படியே எழுதி வைத்துவிட்டார்.

கவுண்டரில் இருந்த அம்மையார் வெகு பணிவாகச் சொன்னார். பத்துச் செய்தியும் திரு. நிருபர் எழுதியவை, நீங்கள் எழுதியவற்றைக் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் அவரையே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

மாவட்டச் செய்திகளுக்கு எங்கள் பத்திரிகையில் பெயர் போடும் வழக்கம் இல்லை என்று விளக்கினேன். அப்படியும் ஒரு பத்திரிகையா என்பதுபோல் பார்த்தார். அந்த அலுவலகத்தில் உங்களோடு வேலை செய்த ஒருவர், நமது நிருபர் நீங்கள்தான் என்று கைப்பட எழுதித் தரட்டும் என்று கடைசியில் வழி சொன்னார்.

அங்கே என்னோடு வேலை செய்தவர் ஒரே ஒருவர்தான். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை. ஒரு கம்ப்யூட்டர், இரண்டு நாற்காலி, பாதி நாள் ஓடாத ஒரு ஃபேன். நான் அண்ணன் என்று கூப்பிடும் அவர் பகுதி நேர நிருபர். குஜிலியம்பாறைப் பக்கம் அவருக்கு மானாவாரி நிலம் இருந்தது. காலையில் காட்டு வேலையை முடித்துவிட்டு மண் ஒட்டிய செருப்போடு மாடியேறி வருவார். அவருக்கு டைப் அடிக்க வராது. அவர் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். என் தலைப்பை அவர் மாற்றுவார், அவர் செய்தியின் வாலை நான் வெட்டுவேன், ஒரு மணி நேரம் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ள மாட்டோம். பிறகு சாப்பாட்டு வேளையில் அவர் வீட்டு வெஞ்சனம் என் தட்டுக்கும் என் அம்மாவின் குழம்பு அவர் தட்டுக்கும் போய்விடும். இங்கே ஜன்னலைச் சாத்திக்கொண்டு தனியாக ரொட்டியை மெல்லும்போது அந்த அறைதான் நினைவுக்கு வருகிறது.

நம் ஊர் அரசின் அங்கீகார அட்டைக்கு அவரும் நாலு தடவை எழுதிப் போட்டவர். பகுதி நேரம் என்று சொல்லி நாலு தடவையும் திருப்பிவிட்டார்கள். கலெக்டர் அலுவலகக் கூட்டத்துக்கு நான் உள்ளே போவேன், அட்டை இல்லாததால் அவர் வாசலில் டீ குடித்துக்கொண்டு நிற்பார். இருந்தும் என்னைவிட அவருக்குத்தான் அதிகச் செய்தி கிடைக்கும்.

போனில் விஷயத்தைச் சொன்னதும் திரு. நிருபரைக் கேட்டதாகச் சொல் என்று விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் கோடு போட்ட தாளில் எழுதிய கடிதத்தின் படம் வந்தது. ‘திண்டுக்கல்லில் நமது நிருபர் என்பவர் இவர் ஒருவரே. வேறு எவரும் இல்லை.’

அந்த இரண்டாவது வரியைப் படித்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் கொடுத்த பத்தில் ஒன்று அவருடையது. மழை பொய்த்துக் கடலை காய்ந்த செய்தி. ‘செடியைப் பிடுங்கினால் மண்தான் வருகிறது’ என்று அவர் சொல்ல, நான் அடித்தது. இருந்ததிலேயே அதுதான் நன்றாக இருக்கிறது என்று தெரிந்தேதான் சேர்த்திருந்தேன். உடனே அவரைக் கூப்பிட்டு, உங்களை நீங்களே எப்படி இல்லை என்று எழுதலாம் என்று சண்டை போட்டேன்.

“நா இங்கனயேதான கெடக்கேன் தாயி. நீதான போயிருக்க. ஒனக்குத்தான் வேணும்.”

மறுநாள் காலை கடிதத்தோடு கவுண்டருக்குப் போனேன். கடலைச் செய்தியை எடுத்துவிட்டு, மண்சரிவால் சிறுமலைக்கு பஸ் போகாத நாட்களில் மிளகு மூட்டையோடு இறங்கி வந்தவர்களைப் பற்றி நான் எழுதியதை மொழிபெயர்ப்போடு வைத்தேன். கடிதத்தின் இரண்டாவது வரி மட்டும் உண்மையில்லை, அந்தப் பெயரில் நாங்கள் இருவர் எழுதினோம் என்றும் சொல்லிவிட்டேன். அம்மையார் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஏதோ குறித்துக்கொண்டு, தகவல் வரும் என்றார். அன்றே பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துத் துடைத்து வைத்தேன்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது அட்டை வந்தது. என் படம், என் பெயர். அதற்குக் கீழே, புனைபெயருக்கான இடத்தில், இந்த நாட்டு எழுத்தில் ‘நமது நிருபர்’. அதைப் படம் எடுத்து, கீழே இருப்பது என்னவென்று எழுதி, அண்ணனுக்கு அனுப்பினேன்.

ராத்திரி அவர் குரல்பதிவு வந்தது.

“நாலு தடவ எழுதிப் போட்டும் இங்க வரல. அங்க வந்திருச்சே தாயி. ஊருக்கு வாரப்ப மறக்காமக் கொண்டா. செத்த நேரம் சட்டையில மாட்டிப் பாக்குறேன்.”