கடைசிப் பந்தியின் சாராள் சிஸ்டர்

செவ்வாய்க்கிழமை காலை, புனேயின் சிஞ்ச்வட்டில் லோக்கல் ரயிலில் ஏறி, முண்டியடித்து ஒரு கம்பியைப் பிடித்து நின்ற நேரத்தில் கைபேசி அடித்தது. பியாட்ரிஸ். “அக்கா, சிஸ்டர் பூட்டாங்க” என்றாள். அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. பால் வாங்கக் கீழே இறங்கிய சாராள் சிஸ்டர், படியிலேயே உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே போய்விட்டார் என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். வழக்கமாகச் சிவாஜிநகர் வரை போகிற நான் அன்று கட்கியிலேயே இறங்கி, வங்கிக்கு லீவு சொல்லிவிட்டு, போபோடிக்கு நடந்தேன். ஆட்டோ பிடிக்கத் தோன்றவில்லை.

பியாட்ரிஸ் காங்கோ நாட்டுப் பெண். மருந்தியல் படிக்கப் புனே வந்தவள். அவள் வாயில் வட ஆற்காட்டுத் தமிழ் எப்படி வந்தது என்று கேட்கிறவர்கள் சிஸ்டரை அறியாதவர்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகள் தமிழில் நாலு வாக்கியம் பேச எட்டு முறை யோசிப்பாள். பியாட்ரிஸோ காய்கறிக்காரரிடம்கூட முதலில் “இன்னா?” என்றுதான் ஆரம்பிப்பாள், அவர் மராட்டிக்காரர் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வரும்.

நான் நாகர்கோவில்காரி. பதினெட்டு வருடங்களுக்கு முன் மாற்றலாகி வந்து, போபோடியில் உள்ள எங்கள் தமிழ் சபைக்குப் போன முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்து டீ ஊற்றிக்கொண்டிருந்த பெண்மணியிடம் நானே போய்ப் பேச்சுக் கொடுத்தேன். வெள்ளைப் புடவை, கறுப்பு வார் வைத்த ஆண்களுக்கான கைக்கடிகாரம். “உங்களுக்கு எந்த ஊரு?” என்றேன். “போபோடி” என்றார். “இல்ல, சொந்த ஊரு எதுன்னு கேட்டேன்.” அவர் டீக்குவளையை என் கையில் கொடுத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தாத்தா ஊரைக் கேக்குறியா கண்ணு, தாத்தா சாதியைக் கேக்குறியா?”

எனக்கு முகம் செத்துவிட்டது. ஏனென்றால் இரண்டாவதைத்தான் கேட்டிருந்தேன். எங்கள் பக்கம் அதைக் கேட்கும் முறை அதுதான். கேட்பது நமக்கே தெரியாதபடி கேட்போம். அவர் கோபப்படவில்லை. சிரித்தார். “இங்க எல்லாரும் பொட்டி தூக்கினு வந்தவங்கதான். எங்க தாத்தா அப்ப வந்தாரு, நீ இப்ப வந்துகிற. அவ்ளோதான். சீனி போதுமா?”

அதுதான் சாராள் சிஸ்டர். ஒரு ஆஸ்பத்திரியில் முப்பது வருடத்துக்கு மேல் நர்ஸாக இருந்து, வார்டு சிஸ்டராக ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. ஒரே மகன் துபாயில். எங்கள் சபையில் இரண்டு வகை ஆட்கள் உண்டு என்பதை இந்த இடத்தில் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பட்டாளத்தோடு வந்து, சமையலும் துப்புரவும் ஃபாக்டரி வேலையும் பார்த்து, இந்தக் கோயிலைக் கட்டிய போபோடி சந்துக்காரர்கள் ஒரு வகை. பிறகு வேலை கிடைத்து வந்து, சிஞ்ச்வட் பக்கம் சொசைட்டி ஃபிளாட்டுகளில் குடியிருக்கும் என்னைப் போன்றவர்கள் இன்னொரு வகை. யாரும் யாரையும் எங்கும் உட்காரக்கூடாது என்று சொன்னதில்லை. ஆனாலும் மின்விசிறிக்குக் கீழே இருந்த பெஞ்சுகள் எப்படியோ எங்களுக்கு அமைந்துவிட்டன.

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. பீடத்தின் முன் மரக் கிராதி. அதில் ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பேர் முழங்காற்படியிடலாம். அப்பம் வாங்கி, ஒரே பாத்திரத்திலிருந்து ஒரு வாய் திராட்சை ரசம் குடித்து எழுந்தால் அடுத்த பந்தி. சிஸ்டர் என்றைக்கும் கடைசிப் பந்தி, அதிலும் இடது ஓரம், கடைசி ஆள். மூட்டுவலிக்காரர், கூட்டத்தில் இடிபட வேண்டாம் என்று பார்க்கிறார் என்றே பல வருடங்கள் நினைத்திருந்தேன். கேட்டுப் பார்க்கவில்லை.

பியாட்ரிஸ் வந்தது ஒரு ஜூன் மாதம். ஃபோனில் பேசும்போது காலியாக இருக்கும் அறை, அவள் முகத்தை நேரில் பார்த்ததும் நேற்றே போய்விட்டது என்பார்களாம். பால் கடையில் நின்று யாரிடமோ இந்தியில் மன்றாடிக்கொண்டிருந்தவளைச் சிஸ்டர் வீட்டுக்குக் கூட்டிவந்து, மகனுடைய மாடி அறையைத் திறந்துவிட்டார். பக்கத்து வீட்டு மனிதர் வந்து நின்றார். இவங்க எல்லாம் எப்படிப்பட்டவங்களோ, பொம்பளைப் பிள்ளைகள் இருக்கிற சந்து இது, என்று இழுத்தார். “என் புள்ள துபாயில யாரோ ஊட்ல எட்டு பேரோட தங்கிகீறான். அங்க ஒரு மகராசி கதவைத் தொறந்ததாலதான அவன் தெருவுல இல்ல? நான் மூடிட்டா அந்தக் கதவு எத்தினி நாளைக்குத் தொறந்திருக்கும்?” இதைச் சிஸ்டர் அவரிடம் மராட்டியில் சொன்னார், எனக்குத் தமிழில் திருப்பிச் சொல்லும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. அந்த மனிதர் வீட்டுப் பெண்களுக்குத்தான் பியாட்ரிஸ் இப்போது கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள்.

அவளும் அவளுடைய தோழிகள் இரண்டு பேரும் ஞாயிறுதோறும் சிஸ்டரோடு கோயிலுக்கு வரத் தொடங்கினார்கள். தமிழ் தெரியாது, ஆனால் பாட்டில் சேர்ந்துகொள்வார்கள். அந்தக் குரல்களுக்கு முன்னால் எங்கள் பாடகர் குழு வாயடைத்துப் போயிற்று. எல்லோரும் கைகுலுக்கினோம். புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டோம். மிகவும் பெருமையாக இருந்தது.

திருவிருந்து ஞாயிறுகளில் மட்டும் ஒன்று நடந்தது. முதல் பந்திக்கு நெரிசல் கூடியது. போதகர் அழைத்து வாய் மூடுமுன் கிராதி நிறைந்துவிடும். இரண்டாம் பந்திக்கும் அப்படியே. மூன்றாவதில் ஆட்கள் தேய்ந்து, நாலாவதில் சிஸ்டர், பியாட்ரிஸ், தோழிகள் இரண்டு பேர். பன்னிரண்டு பேர் இடத்தில் நாலு பேர். யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. நானும் பேசி வைத்துக்கொள்ளாமலேதான் முதல் பந்திக்கு ஓடினேன்.

பிறகு சபைக் கமிட்டி கூட்டத்தில், மூத்த உறுப்பினரான தேவராஜ் அண்ணன் பேச்சை எடுத்தார். ஒரே பாத்திரம் சுகாதாரமில்லை, ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் வாங்கிவிடலாம் என்றார். அவரை வில்லனாக்கிவிடாதீர்கள். என் கணவருக்கு ஆபரேஷன் நடந்தபோது மூன்று நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அவர். நான் அப்போது சபைச் செயலாளர். தீர்மானத்தை அழகான வார்த்தைகளில் எழுதி, என் கையெழுத்தையும் போட்டேன். ஒரு நர்ஸின் கையெழுத்தும் இருந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்று சிஸ்டரைக் கூட்டத்துக்கு அழைத்தோம். அந்த யோசனை என்னுடையது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

சிஸ்டர் கண்ணாடி போட்டுக்கொண்டு தாளை இரண்டு முறை படித்தார்.

“கிருமின்னு எழுதிகிறீங்களே, அது எப்ப வந்துச்சு?”

“இல்ல சிஸ்டர், பொதுவா ஒரு முன்னெச்சரிக்கைதான்” என்றேன்.

“அரே, கேளு. இருமி இருமியே செத்தாரே அந்தோணி மேஸ்திரி, அவரு குடிச்ச பாத்திரத்துலதான நாம எல்லாம் குடிச்சோம்? கொரோனா முடிஞ்சு கோயிலைத் தொறந்தப்போ, தனித்தனிக் கிண்ணம் வேணாம், எங்களுக்கு ஒரே பாத்திரம்தான் வேணும்னு அழுதது யாரு தேவராஜு? நீதான? ஒவ்வொரு வாட்டியும் அத்தச் சுடுதண்ணியில கழுவுறது நானு. எனக்குத் தெரியாத கிருமி இந்த ஜூன் மாசம் எந்த ரயில்ல வந்து எறங்குச்சு?”

தேவராஜ் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். சிஸ்டர் அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

“எங்க தாத்தா ஊர்லயும் ஒரு கோயில் இருந்துச்சு. அங்க ரெண்டு பாத்திரம். ஒண்ணு அவங்களுக்கு, ஒண்ணு நமக்கு. அப்பறம் ஒரு வெள்ளைக்காரப் பாதிரி ஒண்ணாக்குனாரு. ஒண்ணாக்குனதும் அவங்க எல்லாம் முதல்ல குடிச்சிட்டாங்க, நம்மாளுங்க கடைசியில. அது வேணாம்னுதான் அவரு பட்டாளத்துல சமையலுக்குச் சேந்து கட்கிக்கு வந்தாரு. இங்கதான் முதல் தபா யாரு முன்னாடி, யாரு பின்னாடின்னு பாக்காம குடிச்சாராம். ஆனாலும் அவரு கடைசிலதான் போவாரு. எங்கப்பாவும் அப்படித்தான், நானும் அப்படித்தான். ஏன் தெரியுமா? கடைசில ஒத்தன் போய் நின்னா, அவன் தனியா முட்டி போடக்கூடாது. நம்ம ஊட்டாளு ஒண்ணு அங்க இருக்கணும்னு தாத்தா சொல்லிட்டுப் போனாரு.”

தாளை நாலாக மடித்து என்னிடம் நீட்டினார். “கையெழுத்து முத்து முத்தா கீது, ஜெயா. நீயே வெச்சுக்கோ.” திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தீர்மானம் அன்று எடுக்கப்படவில்லை. பிறகும் யாரும் எடுக்கவில்லை.

இதோடு நான் மனம் மாறிவிட்டேன் என்று எழுதினால் பொய். அடுத்த முதல் ஞாயிறு, எல்லாம் தெரிந்த பிறகும், கால் தானாக எழுந்து முதல் பந்திக்குப் போயிற்று. பெஞ்சுக்குத் திரும்பி வந்து, கடைசியில் அந்த நாலு முதுகுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பியாட்ரிஸ் ஒருமுறை திரும்பிக் காலி இடங்களைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அறை அறையாகக் கேட்டு விரட்டப்பட்ட பெண்ணுக்குக் கோயில் கிராதி தெரியாமல் இருக்குமா? அந்த மாதம் முழுக்க எனக்கு ஜெபம் வரவில்லை.

அதற்கடுத்த மாதம் பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு மூன்று பந்திகள் போகும்வரை உட்கார்ந்திருந்தேன். நாலாவதில் பியாட்ரிஸுக்கும் சிஸ்டருக்கும் நடுவில் போய் முழங்காற்படியிட்டேன். பாத்திரம் பியாட்ரிஸ் உதட்டிலிருந்து என்னிடம் வந்தது. ஒரு கணம் தயங்கினேன். அந்தத் தயக்கத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. குடித்தேன். வழக்கமான அதே திராட்சை ரசம், அதே புளிப்பு. வெளியே செருப்பு மாட்டும்போது சிஸ்டர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, “முட்டி வலிச்சுதா? பழகிடும்” என்றார். மாதாமாதம் ஒருவர் இருவராகக் கடைசிப் பந்தியில் ஆள் கூடியது. தேவராஜ் அண்ணன் மட்டும் முதல் பந்தியை விடவில்லை.

அடக்கம் புதன்கிழமை. பெட்டியை வீட்டுப் படியிலிருந்து இறக்கியவர்களில் பக்கத்து வீட்டு மனிதரும் ஒருவர். துபாயிலிருந்து வந்த மகன், அம்மாவின் கைக்கடிகாரத்தைப் பியாட்ரிஸ் கையில் கட்டிவிட்டான்.

அந்த வார ஞாயிறு, மாதத்தின் முதல் ஞாயிறாக அமைந்தது. போதகர் பந்திக்கு அழைத்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. அவர் அப்பத்தட்டோடு நின்றார். கிராதி முழுவதும் காலி. எனக்கு ஒன்றும் புரியவில்லை. சுற்றிலும் பார்த்த பிறகுதான் புரிந்தது. போபோடிக்காரர்கள், ஃபிளாட்டுக்காரர்கள், தேவராஜ் அண்ணன் வரை எல்லோரும் அன்று சிஸ்டருக்காகக் கடைசிப் பந்திக்குக் காத்திருந்தார்கள். எல்லோரும் கடைசி என்றால் யார்தான் ஆரம்பிப்பது? சிஸ்டர் இருந்திருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார். போதகர் இரண்டாம் முறை அழைத்தார்.

பியாட்ரிஸ் என் காதருகே குனிந்தாள். “இன்னா அக்கா, ஐயா எவ்ளோ நேரம் நிப்பாரு? நான் போறேன்” என்றாள். எழுந்து தனியாக நடந்து போய், வலது ஓரத்தில், முதல் இடத்தில் முழங்காற்படியிட்டாள். பிறகு எனக்கு முன்னால் ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. தேவராஜ் அண்ணன் எழுந்தார். மெதுவாகப் போய் அவளுக்கு அடுத்த இடத்தில் முழங்காற்படியிட்டார். பாத்திரம் அவளிடமிருந்து அவருக்கு வந்தது. அவர் இரண்டு கையாலும் வாங்கினார். அவருடைய தோள்கள் குலுங்கியதை நான் பார்த்தேன். அதன்பின் பந்தி பந்தியாகச் சபை முழுவதும் எழுந்து போயிற்று.

நான் கடைசிவரை காத்திருந்தேன். நாலாம் பந்தியில் இடது ஓரம், சிஸ்டர் முழங்கால் பட்டுப் பட்டு வழவழப்பாகிப்போன பலகையில் இடம் பிடித்தேன். மடித்த தீர்மானத் தாள் வேதாகமத்துக்குள் இருந்தது. இப்போதும் அங்கேதான் இருக்கிறது. பியாட்ரிஸ் தொடங்கி அத்தனை பேரும் குடித்துவிட்டு, பாத்திரம் என்னிடம் வந்தபோது அடியில் ஒரு வாய்தான் மிச்சம் இருந்தது. சிஸ்டர் எனக்கு விட்டுப்போனது அந்த இடமும் அந்த ஒரு வாயும்தான். ஆராதனை முடிந்ததும் அடுப்பில் தண்ணீர் வைத்து, பாத்திரத்தை நான் கழுவினேன்.